விலையா? வித்தையா?

ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பழக எந்தக் கார்? ஹாஸ்டலில் எல்லாரும் போர்ஷே என்கிறார்கள். என் ஓட்டு மாஸ்டா எம்எக்ஸ்-5க்கே!

1989-ல் வந்த எம்எக்ஸ்-5 ஆயிரம் கிலோகூட இல்லை. அதே வருட போர்ஷே 911 டர்போ 300 குதிரைத்திறன், 1300 கிலோவுக்கு மேல். விலையோ பல மடங்கு. நேர்பாதையில் போர்ஷேதான் ராஜா. ஆனால் வளைவு வந்தால் பிரேக் போடணுமே! எடையும் வேகமும் கூடக்கூட பிரேக்கில் சூடு. பேடும் டயரும் தேயும், கூடவே பர்ஸும்!

சின்னக் காரில் அதே காசுக்கு அதிக ரவுண்டு. ரவுண்டு கூடினால்தான் கை பழகும். நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம், ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி காரில்தான்.

எங்க வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். வசதி வந்தபின் கத்துக்கலாம்னு காத்திருக்க முடியாது. விலை அப்புறம், வித்தை முதலில்!