பெருமாட்டி கேட்டதும் பிளின்ட் கேட்டதும்

பிளாச்சிமடையில் பிரச்சினை முதலில் தெரிந்தது அடுப்படியில். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேக மறுத்தது. சோற்றின் நிறமும் ருசியும் மாறின. குளித்தால் தலைமுடி சிக்குப் பிடித்தது, கண் எரிந்தது, உடம்பு அரித்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்து மீனாட்சிபுரம் எல்லையைத் தாண்டினால் தொலைவில்லாத இந்தச் சிற்றூர், பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் பெருமாட்டி பஞ்சாயத்தைச் சேர்ந்தது. இங்கே கணிசமானவர்கள் இரவாளர், மலசர் பழங்குடியினர்; அன்றாடம் கூலிக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையில் உள்ளவர்கள்; வீட்டில் தமிழும் தமிழை ஒட்டிய பேச்சும் புழங்குகிறவர்கள். 2000ஆம் ஆண்டு அவர்கள் குடியிருப்புக்கு எதிரே, சுமார் 34 ஏக்கரில், கோக்க கோலா ஆலை ஓடத் தொடங்கியிருந்தது.

அந்தப் பெண்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தது. ஆலை வருவதற்கு முன் இதே கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது, வந்த பிறகு என்ன ஆனது, இடையில் வேறு ஏதாவது மாறியதா, ஆலையிலிருந்து தள்ளியிருக்கும் கிணறுகள் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கல்லூரிகளில் விமர்சனச் சிந்தனை என்று தனிப் பாடமாக நடத்தப்படுவது இதைத்தான். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலைக்கு எதிரே அவர்கள் பந்தலில் உட்கார்ந்தபோது முன்னால் இருந்தவர் மயிலம்மா என்ற இரவாளர் பெண். ஆலையால் வேலை வரும், வருமானம் வரும் என்று பெரிய கட்சிகள் எல்லாம் அதை வரவேற்றிருந்த காலம் அது. உரிமம் கொடுத்ததே பெருமாட்டி பஞ்சாயத்துதான்.

ஆலைக்கழிவு விஷயம் இன்னும் கொடுமையானது. ஆலையிலிருந்து வந்த சேற்றுக்கழிவை நல்ல உரம் என்று சொல்லி விவசாயிகளிடம் கொடுத்தார்கள். வயலிலும் தென்னை மூட்டிலும் அது போய்ச் சேர்ந்தது. 2003 ஜூலையில் பிபிசி வானொலிக்காரர்கள் அந்தக் கழிவை எடுத்துப்போய் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது. கேரள மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் பிறகு காட்மியம் அனுமதித்த அளவைத் தாண்டியிருப்பதைக் கண்டது. வாரியத்தின் அலுவலகம் கேரளத்திலேயே இருந்தும், இந்தச் சோதனைக்கு லண்டனிலிருந்து ஒரு செய்தியாளர் வர வேண்டியிருந்தது. அந்த ஊர் மக்கள் அதற்கு முன்பே ஓராண்டுக்கும் மேலாக வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு நடுவே பெருமாட்டி பஞ்சாயத்து ஒரு காரியம் செய்தது. 2003 ஏப்ரலில், ஏ. கிருஷ்ணன் தலைவராக இருந்த அந்த ஊராட்சி, ஆலையின் உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று தீர்மானித்தது. நிலத்தடி நீர் குறைகிறது, குடிநீர் கெடுகிறது என்பது அது சொன்ன காரணம். அந்த ஆலை தந்த வரியும் கட்டணமும் ஒரு கிராமப் பஞ்சாயத்துக்குப் பெரிய வருமானம். தான் கொடுத்த உரிமத்தையே திரும்ப எடுத்துப் பார்க்கும் துணிச்சல் சட்டமன்றங்களுக்கே எளிதில் வருவதில்லை. மாநில அரசு அந்த முடிவை நிறுத்தி வைத்தது. பஞ்சாயத்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

2003 டிசம்பர் 16 அன்று நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் சொன்ன தீர்ப்பின் சாரம் எளிமையானது: நிலத்தடி நீர் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே, 34 ஏக்கர் வைத்திருக்கும் சாதாரண விவசாயி எவ்வளவு எடுப்பாரோ அவ்வளவுக்கு மேல் ஆலை எடுக்கக் கூடாது. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஆலை நின்றது. 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆனாலும் ஆலை மறுபடி நிலையாக ஓடவில்லை. திரும்ப ஓட்டும் எண்ணமில்லை என்று 2017இல் நிறுவனமே உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

பொதுச்சொத்துக்கு அரசு அறங்காவலர் என்ற அந்தக் கருத்து கேரள நீதிமன்றத்துக்கு வந்த வழி கவனிக்கத்தக்கது. அதன் வேர் ரோமானியச் சட்டத்தில் இருந்தாலும், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கு அதைக் கூர்தீட்டிக் கொடுத்தவர் ஜோசப் சாக்ஸ் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அவர் 1970இல் இதைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையை, இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் நதியைத் திருப்பிவிட்ட விடுதி தொடர்பான கமல்நாத் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் 1996இல் எடுத்தாண்டது. பெருமாட்டிக்குச் சாதகமான தீர்ப்பு அந்த வழக்கின் மீது நிற்கிறது. ஆலையின் தலைமையகம் அட்லாண்டாவில். அதைத் தட்டிக்கேட்கக் கிடைத்த சட்டக்கருவியும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. அமெரிக்க அரசியல் பண்பாட்டை முழுதாகப் போற்றுவதும் முழுதாகத் தூற்றுவதும் ஏன் பயனற்றவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

மிச்சிகன் அதோடு நிற்கவில்லை. இந்தியாவில் தண்ணீர், கொலம்பியாவில் தொழிற்சங்கத்தினர் மீதான வன்முறை ஆகிய புகார்களை முன்வைத்து மாணவர்கள் விடாமல் கேட்டதால், 2005 டிசம்பரில் அதே மிச்சிகன் பல்கலைக்கழகம் கோக்க கோலா வாங்குவதை நிறுத்தி வைத்தது. ஆய்வுக்கு நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகு, அடுத்த ஏப்ரலில் தடை நீங்கியது. சில மாதத் தடைதான். இருந்தாலும் தங்கள் உணவுக்கூடத்தில் விற்கும் குளிர்பானத்துக்கும் எங்கோ ஓர் ஊரின் கிணற்றுக்கும் தொடர்பு உண்டா என்று அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள் என்பது பெரிய விஷயம்.

அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பிளின்ட் நகரம். 2014 ஏப்ரலில், செலவைக் குறைப்பதற்காக, அந்நகரின் குடிநீரை டெட்ராய்ட் குழாயிலிருந்து பிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காததால் பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. பழுப்புத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு தாய்மார்கள் கூட்டங்களுக்குப் போனார்கள்; தண்ணீரில் கோளாறில்லை என்ற பதிலோடு திரும்பினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றது, பாகங்கள் அரிக்கின்றன என்பதற்காக. இரும்புக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் அதற்குப் பிறகும் ஓராண்டு குடித்தார்கள். லீயான் வால்டர்ஸ் என்ற தாய் தன் வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வைத்து, வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் மார்க் எட்வர்ட்ஸைத் தேடிப் பிடித்து, ஊர்க்காரர்களைக் கொண்டு வீடு வீடாக மாதிரி எடுத்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

பிளின்ட்டிலும் பிளாச்சிமடையிலும் கேள்வி கேட்டது பெண்கள்தாம், மறுத்தது அதிகாரிகள்தாம். வேறுபாடு ஓர் இடத்தில் இருக்கிறது. பிளின்ட் நகரம் நிதி நெருக்கடியில் இருந்ததால் அதன் நிர்வாகம் மாநில ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளரின் கையில் இருந்தது. 2015 மார்ச்சில் நகரமன்றம் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று ஏழுக்கு ஒன்று என வாக்களித்தது. மேலாளர் அதை ஏற்கவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் வாக்குக்கு மதிப்பில்லாமல் போனது. ஊர்க்கூட்டங்கள்தாம் சுதந்திரத்தின் தொடக்கப்பள்ளி என்று 1830களில் அமெரிக்காவைச் சுற்றிப்பார்த்த தொக்வில் வியந்து எழுதிய நாடு அது. இங்கே, 73ஆவது அரசமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் இருந்ததால், பெருமாட்டியின் கையில் ஓர் உரிமப் புத்தகமாவது இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது. கேட்டவர்களுக்காக அந்த மன்றத்தால் ஏதாவது செய்யவும் முடிந்தது. குடிமை அறிவு என்ற சொல்லுக்கு உயிர் வருவது இந்த இரண்டும் சேரும்போதுதான்.

அமெரிக்காவில் இந்த அறிவை அளக்க வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னன்பர்க் மையம் ஆண்டுதோறும் அரசின் மூன்று கிளைகள் எவை என்று கேட்கிறது. 2016இல் சரியாகச் சொன்னவர்கள் 26 விழுக்காடு. 2022இல் 47 ஆனது. பிறகு இன்னும் ஏறியது. 2015இல் அரிசோனா மாநிலம், பள்ளியை முடிக்கும் மாணவர்கள் குடியுரிமைத் தேர்வு வினாக்களுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும் என்று சட்டமே போட்டது. வேறு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. வினாவிடை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 2020 தேர்தலில் மோசடி என்று போட்ட 60க்கும் மேற்பட்ட வழக்குகள் நீதிமன்றங்களில் நிற்காமல் போன பிறகும், 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் புகுந்தார்கள். நீதித்துறை ஒரு கிளை என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்தே இருந்திருக்கும். தான் நம்ப விரும்பும் செய்திக்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் பழக்கத்தை வினாவிடைப் புத்தகம் தந்துவிடாது.

ஆதாரம் கேட்காமல் நம்புவது நம் எல்லைப்புறத்துக்கும் புதிதல்ல. 2011 நவம்பர், டிசம்பரில் இடுக்கியில் நில அதிர்வுகள் உணரப்பட்டன. முல்லைப் பெரியாறு அணை இன்றோ நாளையோ உடையப்போகிறது என்ற பீதி பரவியது. அதே சமயத்தில் அணை உடைவதைக் காட்டிய ‘டேம் 999’ என்ற படம் வேறு. சில நாள்களில் குமுளியில் மோதல். தமிழ்நாட்டில் கேரளத்தவரின் கடைகளும் வண்டிகளும் தாக்கப்பட்டன. இடுக்கி ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதை வழியே தேனிப் பக்கம் இறங்கின. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அணை பாதுகாப்பானது என்று அறிக்கை தந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 142 அடி வரை நீர் தேக்கலாம் என்றது. கேரளத்தின் அச்சத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அணைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்குக் கேள்வி கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் நீர்மட்டம் எவ்வளவு, கசிவு எவ்வளவு, அளந்தது யார் என்று கேட்பது ஒன்று. 2021 அக்டோபரில் நடந்தது போல, ஒரு நடிகரின் பதிவைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் கோஷம் எழுப்ப, மறுபக்கம் அவருடைய கொடும்பாவியைக் கொளுத்துவது வேறு. முதலாவது அணையைப் பற்றியது. இரண்டாவதில் அணையே இல்லை.

கேட்கத் தெரிந்த மலையும் அதே இடுக்கிதான். 2015 செப்டம்பரில் மூணாறு கண்ணன் தேவன் தோட்டத்தின் தமிழ்ப் பெண்கள், 20 விழுக்காடு போனஸ் 10 ஆகக் குறைந்தபோது சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிலாளர்களும் பங்கு வைத்திருக்கும் நிறுவனம் அது. நிறுவனத்தை மட்டும் அவர்கள் கேட்கவில்லை. இத்தனை ஆண்டு சந்தா வாங்கிய சங்கத் தலைவர்களையும் கேட்டார்கள். நாங்கள் கொழுந்து கிள்ளும் நாளுக்கு 232 ரூபாய், ஒழுகும் லய வீடு. எங்கள் பேரில் பேசுகிறவர்களுக்கு மட்டும் எப்படி வசதி வந்தது என்பது அவர்களின் வாதம். ஒன்பது நாளில் போனஸ் பழைய அளவுக்கு வந்தது. பின்னர் தினக்கூலி 301 ஆனது. பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் அந்த நவம்பரிலேயே உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றார்கள். பிறகு அவர்களுக்குள் பிளவு வந்தது, அது வருத்தமே. அந்த ஒன்பது நாளின் மதிப்பு அதனால் குறையாது.

பிளாச்சிமடைக்கு மட்டும் இன்னும் நியாயம் கிடைக்கவில்லை. கே. ஜெயக்குமார் தலைமையிலான உயர்மட்டக் குழு 2010இல் இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. 2011இல் கேரளச் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007இலேயே காலமாகிவிட்டார். கெட்ட கிணற்றோடு காலம் தள்ளியவர்கள் ஒரு ரூபாய் இழப்பீடு பார்க்காமல் முதுமை அடைவதைக் கேரளமும் இந்தியாவும் பொறுத்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு. மாநில அரசு மனம் வைத்தால் புதிய மசோதா கொண்டுவரலாம். அதைக் கேட்டு வாங்கும் கடமை பாலக்காட்டின் எல்லாக் கட்சிகளுக்கும் இருக்கிறது.

கேட்பதற்கு மொழி தடையாக இருக்கக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. அரசமைப்பின் 350ஆவது பிரிவு, குறைகளை எந்த அதிகாரிக்கும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ புழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தர உரிமை அளிக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் மறையூரிலும் தேவிகுளத்திலும் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய குடிமைப் பாடம் இந்த இரண்டு வரிகள்தாம். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி பஞ்சாயத்துக்குத் தமிழில் ஒரு மனு எழுதி, தேதி போட்டு, ரசீது வாங்கிப் பதிலுக்குக் காத்திருந்து பார்த்தால், மூன்று கிளைகளின் பெயரை மனப்பாடம் செய்வதைவிட அதிகம் கற்றுக்கொள்வாள்.

அந்தப் பாடத்துக்கு அண்மையிலேயே வேலை வந்தது. 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை, பாலக்காட்டின் எலப்புள்ளியில் எத்தனால், மது ஆலைக்கு முதற்கட்ட அனுமதி தந்தது. தண்ணீரை வாட்டர் அத்தாரிட்டி தரும், மழைநீரும் சேமிக்கப்படும் என்று அரசு விளக்கியது. எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் மேடை போட்டுப் பேசினார்கள். கேரளத்தில் வார்டுதோறும் கிராமசபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். இப்படி ஓர் ஆலை வரப்போகும்போது அங்கே வைக்க வேண்டிய கேள்விகள் இவை: நாளொன்றுக்கு எத்தனை லட்சம் லிட்டர்? கோடையில் மலம்புழை அணை வற்றும்போது முதலில் யாருக்குக் குறைப்பார்கள்? மீட்டரைப் படிப்பது ஆலையா, பஞ்சாயத்தா? சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் தரமும் ஆலை வருவதற்கு முன்பே அளக்கப்பட்டு, மலையாளத்திலும் தமிழிலும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டப்படுமா?