நிறுத்தக் கூடாத மருந்து

நாள் தள்ளிப்போனதுமே 'எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடு' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது பாசத்தால்தான். ஆனால் குரோன்ஸ் நோயோ அல்சரேட்டிவ் கோலைட்டிஸோ உள்ள பெண்ணுக்கு அந்தப் பாசம் ஆபத்து. மருந்தை விட்டு, குடல் அழற்சி மீண்டும் தலைதூக்கினால் கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும். பெரும்பாலும் அஞ்ச வேண்டியது மருந்துக்கு அல்ல, அடங்காத நோய்க்கு.

மெசலமைன், அசதயோபிரின், இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் ஆகியவற்றைக் கர்ப்பகாலத்திலும் தொடரலாம் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் கண்டிப்பாகக் கூடாது. கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். சல்பாசலசின் எடுக்கும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் கூடுதலாகத் தேவை. அதே மருந்து ஆண்களின் விந்தணுவைத் தற்காலிகமாகக் குறைக்கும். குழந்தையில்லை என்றால் மருமகளை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பும் குடும்பங்கள் இதைக் கவனிக்கட்டும்.

பிரசவத்துக்குப் பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப் நஞ்சுக்கொடி வழியே குழந்தையின் ரத்தத்தில் கலந்து மாதக்கணக்கில் தங்கி, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கலாம். நம் நாட்டிலோ பிறந்தவுடன் பிசிஜி போடுகிறோம். அது உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசி. இத்தகைய குழந்தைக்கு அதைக் குறைந்தது 6 மாதம் தள்ளிப்போட வேண்டும். பிரிட்டனில் அப்படித் தள்ளாமல் போட்டு ஒரு குழந்தை இறந்தது 2010இல் மருத்துவ இதழில் பதிவானது. தாய் இந்த மருந்து எடுத்தது பிரசவ வார்டு செவிலியருக்கு எப்படித் தெரியும்? கர்ப்பிணியின் தாய்-சேய் நல அட்டையிலேயே குடல் மருத்துவர் இதை எழுதிக் கையெழுத்திட சுகாதாரத் துறை வழிசெய்ய வேண்டும்.