‘குறைபயன் கனி’ என்பது யாருடைய சொல்?

ஆய்வுத் திட்ட முன்மொழிவுகளிலும் கருத்தரங்க அறிவிப்புகளிலும் அண்மைக் காலமாகத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் ஒரு தொடர் உண்டு: ‘குறைவாகப் பயன்படுத்தப்படும் கனிகள்’. சுருக்கமாகக் ‘குறைபயன் கனிகள்’. விளா, களா, கோகம் என்று நீளும் அத்தகைய பட்டியல் ஒன்றில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பெமிடி மாங்காயும் இடம்பெற்றிருப்பதைச் சென்ற மாதம் கண்டேன். யாரால் குறைவாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற கேள்வியைப் பட்டியலை வகுத்தவர்கள் எழுப்பிக்கொண்டதாகத் தெரியவில்லை. அக்கேள்வியை எழுப்பவே இதை எழுதுகிறேன். பதிவு நீளும், நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

அப்பெமிடியை அறியாதவர்களுக்காகச் சில செய்திகள். கர்நாடகத்தின் உத்தர கன்னட, சிவமொக்கா மாவட்டங்களில், சிர்சி, சித்தாபுரம், சாகர, ஹொசநகர வட்டாரங்களில், அகநாசினி, சராவதி, வரதா முதலிய ஆறுகளின் கரைகளிலும் அவற்றில் வந்து சேரும் ஓடைகளின் ஓரங்களிலும் பாக்குத் தோட்டங்களின் விளிம்புகளிலும் நிற்கும் மாமரங்களின் பிஞ்சு இது. கன்னடத்தில் ‘மிடி’ என்றால் பிஞ்சு. தாவரவியல் கணக்கில் மாங்கிபெரா இண்டிகா என்னும் அதே இனந்தான். ஆனால் இம்மரத்தின் பழத்தை விரும்பி உண்பார் அரிது: நாரும் புளிப்பும் மிகுந்தது, சதை குறைந்தது. மரத்தின் பெருமையெல்லாம் கொட்டை முற்றுவதற்கு முந்தைய சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. நம் வீடுகளின் மாவடுவுக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். ஆயினும் மாவடுவில் உருண்டையா, கிளிமூக்கா என்று பார்ப்பதோடு நம் தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும். மலைநாட்டார் அதற்கு மேலும் வெகுதூரம் செல்கிறார்கள்.

அங்கே ஒவ்வொரு மரமும் ஒரு வகை. இது மிகைக்கூற்று அன்று. மா அயல்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பது; நம் நாட்டு மாவகைகளில் பெரும்பாலானவற்றின் விதை தாயை ஒத்த கன்றைத் தருவதில்லை. எனவே ஆற்றங்கரையில் முளைத்த ஒவ்வொரு மரமும் மரபியல் அடிப்படையில் தனி. ஒன்றின் பிஞ்சில் சீரக மணம். அதனால் அது ஜீரிகெ மிடி. இன்னொன்றில் கற்பூர மணம். அனந்தபட்ட அப்பெ என்று ஒரு மனிதரின் பெயரையே தாங்கி நிற்கும் வகையும் உண்டு. பெயர்களில் பாதி மணத்தைக் குறிப்பவை. மீதி, மரம் நிற்கும் இடத்தையோ அதை அறிந்து போற்றியவரையோ குறிப்பவை. விளைச்சலையோ காயின் எடையையோ குறிக்கும் பெயர் எதையும் நான் கேட்டதில்லை.

இனி ஊறுகாய்க்கு வருவோம். ஆய்வுக் கட்டுரைகள் இதை ஒரே வரியில் ‘பதப்படுத்தப்படுகிறது’ என்று கடந்துவிடுகின்றன. பிஞ்சைக் காம்புடன் பறிக்க வேண்டும். ஏறத்தாழ ஓர் அங்குலக் காம்பு நிற்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்டது ஆகாது. கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, பீங்கான் பரணியில் ஓர் அடுக்குப் பிஞ்சு, ஓர் அடுக்குக் கல்லுப்பு என நிரப்பி, மேலே பாரம் வைத்து மூடுகிறார்கள். நான்கைந்து படி பிஞ்சுக்கு ஒரு படி உப்பு என்பது பொதுவான அளவு. வீட்டுக்கு வீடு இது மாறும். உப்பு பிஞ்சின் நீரை வெளியே இழுக்கும். ஒன்றிரண்டு வாரங்களில் பிஞ்சுகள் சுருங்கி, தம் நீரிலேயே மூழ்கிக் கிடக்கும். அந்த உப்புநீரை வடித்துக் கொதிக்க வைத்து நன்றாக ஆறவிட்டு, கடுகு, மஞ்சள், பேடகி மிளகாய் ஆகியவற்றை அந்நீர் கொண்டே அரைத்து, பிஞ்சுகளோடு கலந்து மறுபடி பரணியில் அடைக்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. மாவடுவில் நாம் புரட்டும் விளக்கெண்ணெய்கூடக் கிடையாது. வெளித் தண்ணீரும் கிடையாது. இவ்வளவுதான். இது ஆண்டுக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. ஊறுகாய்க்கு முந்தைய பச்சைப் பிஞ்சை நசுக்கி நீரில் கரைத்து, உப்பிட்டு, கடுகும் மிளகாயும் தாளித்து உண்ணும் அப்பெஹுளி என்ற மெல்லிய சாறும் உண்டு. கோடை நடுப்பகலில் அதைக் குடித்துவிட்டுக் கருத்தரங்கக் கட்டுரை எழுத உட்காரலாம் என்று யாரும் எண்ண வேண்டா, உறக்கம் உறுதி.

காம்பை ஏன் விட்டுவைக்கிறார்கள்? பால் வழியாமல் இருக்க. மாங்காயின் பாலில் மிர்சீன், ஓசிமீன் போன்ற டெர்ப்பீன் சேர்மங்கள் உள்ளன. பச்சை மாங்காயின் மணத்துக்குக் காரணம் இவையே. அப்பெமிடியின் மணமும் பெருமளவு இந்தப் பாலில்தான் இருக்கிறது. பாலைத் தனியே சேகரித்து, மணம் குறைந்த ஊறுகாயில் சேர்ப்பவர்களும் உண்டு. இப்போது ஏற்றுமதி மாம்பழத்துக்கான எந்தக் கையேட்டையும் எடுத்துப் பாருங்கள். பால், தோலைக் கருக்கும் கேடு. காம்பை ஒட்ட நறுக்கி, காயைக் கவிழ்த்து வைத்து, பாலை முற்றிலும் வடித்துவிட வேண்டும் என்று இருக்கும். இரண்டும் தத்தம் நோக்கில் சரியே. ஒன்று பளபளக்கும் தோலை விற்கிறது. மற்றொன்று மணத்தைச் சேமிக்கிறது. ஆனால் நம் பல்கலைக்கழகங்களில் முதலாவது ‘அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம்’ என்ற பாடமாகவும், இரண்டாவது ‘வட்டார வழக்கம்’ என்ற அடிக்குறிப்பாகவும் இருக்கிறது. என் சினம் இங்கிருந்து தொடங்குகிறது.

ஒரு மரம் நல்ல அப்பெ மரமா என்பதைப் பிஞ்சைக் கடித்துப் பார்த்து மட்டும் முடிவுசெய்ய முடியாது. பரணியில் ஓராண்டு கிடந்த பின்னும் மணம் நிற்கிறதா, இரண்டாம் ஆண்டிலும் பல்லுக்குக் கடிபடுகிறதா, கூழாகிவிட்டதா என்பதைக் கொண்டே மரம் மதிப்பிடப்படுகிறது. தேறியது பெயர் பெறுகிறது. தேறாதது வெறும் மாமரமாகவே நின்றுவிடுகிறது. அதாவது வகைப்பாட்டின் கடைசிப் படி அடுக்களையில் நிகழ்கிறது. பல தலைமுறைகளாக, பல நூறு மரங்களின் மீது, ஈராண்டுக் காத்திருப்புடன் நடத்தப்பட்ட தேர்வு இது. ஒரு முனைவர் பட்டக் காலத்தில் இதில் இரண்டு சுற்றைக்கூட நாம் முழுமையாக முடிக்க இயலாது. இத்தனை நுணுக்கமாகப் பயன்படுத்தப்படும் ஒன்றைக் ‘குறைபயன்’ என்று அழைக்க எவ்வளவு துணிவு வேண்டும்! கரையும் திடப்பொருள், சதை விழுக்காடு, ஒரு மரத்துக்கு இத்தனை கிலோ என்னும் அளவுகோல்களை வைத்தால் அப்பெமிடி தோற்கத்தான் செய்யும். வெண்பாவைச் சொல் எண்ணிக்கையால் மதிப்பிட்டால் அதுவுந்தான் தோற்கும்.

பாதுகாப்பு முயற்சிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அப்பெமிடி வகைகள் பலவற்றைத் திரட்டி ஒட்டுக்கன்றுகளாகப் பேணுகிறது. அது பாராட்டத்தக்க பணி, தேவையான பணியும்கூட. மாங்கொட்டையை நெல்லைப்போல் உலர்த்திக் குளிர்பதன அறையில் வைக்க முடியாது. உலர்ந்தால் செத்துவிடும் விதை அது. நிற்கும் மரமே அதன் வித்து வங்கி. ஆயினும் ஒட்டுக்கட்டுவதில் ஒரு விலை மறைந்திருக்கிறது. ஒட்டு என்பது நகல். சந்தைப் பெயர் பெற்ற சில வகைகள் ஆயிரக்கணக்கில் நகலெடுக்கப்படும்போது, அடுத்த ஜீரிகெ எங்கிருந்து தோன்ற வேண்டுமோ அந்த ஆற்றங்கரை நாற்றுக் கூட்டம் கவனிப்பாரற்றுப் போகிறது. நூலகத்தின் சில நூல்களை மறுபதிப்பிட்டுவிட்டு, ஏட்டுச்சுவடிகள் கிடக்கும் அறையைப் பூட்டிவிடுவது போன்றது இது. ஒட்டுக்கன்றோடு உப்புக் கணக்கும் பரணிக் குறிப்பும் பதிவாகின்றனவா? நான் படித்த வகைப்பாட்டு விவரக் குறிப்புகளில் இலையின் நீளம் இருக்கிறது, காயின் வடிவம் இருக்கிறது. ஊறுகாய் எத்தனை காலம் நின்றது என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அப்பெமிடி புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, இனி என்ன குறை என்று கேட்பவர்கள் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். அது காப்பது பெயரை. மரத்தை வெட்டுவதை அது தடுக்காது. வெட்டியவரிடம் கேள்வி கேட்க அதில் இடமும் இல்லை. புட்டியின் மேல் பெயரை யார் ஒட்டலாம் என்பதே அதன் அக்கறை.

‘பாரம்பரிய அறிவு’ என்று நாம் எழுதும்போது அது யாருடைய அறிவு? கள ஆய்வுக்குச் செல்பவர்கள் பஹணியில் பெயருள்ள தோட்ட உரிமையாளரைச் சந்திக்கிறார்கள். கன்னட நாட்டில் பஹணி என்பது நிலப் பதிவேடு. அதில் இருப்பது பெரும்பாலும் ஆண் பெயர். உப்பின் அளவை அறிந்த பெண் உள்ளே இருக்கிறார். வினாத்தாள் திண்ணையோடு நின்றுவிடுகிறது. நெடுமரத்தில் ஏறி, கிளையின் நுனிவரை சென்று, காம்பு முறியாமல் பிஞ்சைக் கூடையில் இறக்குபவர் இன்னொருவர். எந்தக் காட்டில் எந்த ஓடையின் வளைவில் எந்த மரம் இவ்வாண்டு காய்த்திருக்கிறது என்பதை அறிந்தவர் அவரே. இம்மரங்கள் ஆண்டுதோறும் தவறாமல் காய்ப்பவை அல்ல என்பதால் அந்த அறிவு எளிதன்று. அவருக்குத் தோட்டமும் இல்லை, பஹணியும் இல்லை. பல வேளைகளில் அவர் ஏறும் மரமும் வனத்துறை நிலத்தில் நிற்கிறது. நம் கட்டுரைகளில் அவர் ‘அறுவடைக் கூலி’ என்ற செலவுத் தலைப்பாக வருகிறார். ஹவ்யகச் சமையலின் பெருமையாக மட்டுமே அப்பெமிடியை எழுதும் நண்பர்கள், அந்தக் கூடை யார் தோளிலிருந்து இறங்கியது என்பதையும் எழுத வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதில் உண்மையும் உண்டு. வருவாய் தராத மரம் கோடரிக்கு இரையாகும், எனவே மதிப்புக்கூட்டலும் சந்தையுந்தான் மரத்தைக் காக்கும் என்பார்கள். அப்பெமிடிக்குச் சந்தை ஏற்கெனவே இருக்கிறது. ரிப்பன்பேட்டை போன்ற ஊர்களில் பருவகாலத்தில் பிஞ்சு எண்ணிக்கைக் கணக்கில் நல்ல விலைக்குப் போகிறது. விளைவு என்ன? ஏறிப் பறிக்க நேரமில்லாத ஒப்பந்தக்காரர்கள் காய்த்த கிளையையே வெட்டிச் சாய்க்கிறார்கள். பிறகு பல ஆண்டுகளுக்கு அந்த மரத்தில் காய் ஏது? மரத்தைக் காக்கும் என்று சொல்லப்பட்ட விலையே கிளையை வெட்டுகிறது. வாங்கிய பிஞ்சு ஆலைக்குப் போனதும் வினிகரும், உறுதிக்குக் கால்சியம் குளோரைடும், சோடியம் பென்சோயேட்டும் சேர்கின்றன. இவை சட்டம் அனுமதித்த அளவில் கேடல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் ஐயம் வேறு. பிஞ்சு எதுவாயினும் இறுகி நிற்கும், எதுவாயினும் கெடாது என்று ஆகிவிட்டால், பரணியில் தேறும் மரத்துக்கும் தேறாத மரத்துக்கும் வேறுபாடு மறைகிறது. அதோடு மரத்தைத் தேர்ந்தெடுக்கும் தேவையும் போய்விடுகிறது.

சராவதியின் மேல் லிங்கனமக்கி அணை 1964 இல் எழுந்தபோது பள்ளத்தாக்கின் ஊர்களோடு கரையோர மரங்களும் நீருக்குள் சென்றன. அவற்றில் எத்தனை மரங்கள் பெயர் பெற்றிருந்தன என்பதற்குப் பட்டியல் இல்லை. பெயரைச் சொன்னவர்கள் வேறிடம் சென்று குடியேறினார்கள். இப்போது அதே பள்ளத்தாக்கில் 2,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டம் பேசப்படுகிறது. இத்தகைய திட்டங்களுக்கான மரக் கணக்கெடுப்பில் இனப் பெயரும் அடிமரச் சுற்றளவும் எழுதப்படும். அதில் சீரக மணமும் ஈராண்டு உறுதியும் கொண்ட மரம், ‘மா’ என்ற ஒரே எழுத்துக்குள் அடங்கிவிடும். அகநாசினி இன்னும் அணையின்றி ஓடுகிறது. அதன் கரை மரங்களை அவற்றின் பெயர்களோடு எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது. 2002 ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பேணப்பட வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இதற்கு உகந்த இடம். அதையும் இனப் பட்டியலாகவே நிரப்பிக் கொடுத்துவிட்டால் பயன் இராது.

இவ்வாண்டு அப்பகுதிக்குக் களப்பணிக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் சிலர் என்னோடு தொடர்பில் இருக்கிறீர்கள். பிஞ்சுப் பருவம் கோடை முற்றுவதற்குள் முடிந்துவிடும். எனவே வினாத்தாளை இப்போதே திருத்திவிடுங்கள். ‘இப்பயிரைப் பயன்படுத்துகிறீர்களா, ஆம் / இல்லை’ என்ற வரியை அடித்துவிட்டு, இந்தப் பரணியில் இருப்பது எந்த மரத்தின் பிஞ்சு, எந்த ஆண்டு போட்டது, உப்பு எத்தனை படி, பறித்தவர் யார் என்று கேளுங்கள். பறித்தவரின் வீட்டுக்கும் செல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டால், மரத்தின் பெயருக்கு அருகில் அவர் பெயரையும் எழுதுங்கள்.