கண்ணாடியிழை தோட்ட வாசலைத் தாண்டட்டும்!



இணைய வசதியில் நாடு கண்டுள்ள வளர்ச்சியை நாளேடுகளில் அடிக்கடி படிக்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால், தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலிருந்து பார்த்தால் அந்த வளர்ச்சி சற்றுத் தொலைவிலேயே தெரிகிறது. இதைப் பற்றி ஓர் ஆசிரியனாக என் கருத்தை இங்கு எழுத விழைகிறேன்.

2008 செப்டம்பரில் அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்தில் கையொப்பமிட்டன. மொத்தச் செலவு 11.3 பில்லியன் ரிங்கிட், அதில் 2.4 பில்லியன் அரசாங்கத்தின் பங்கு, அதாவது மக்கள் வரிப்பணம். 2010 மார்ச்சில் யூனிஃபை சேவை முதலில் வந்த இடங்கள் ஷா ஆலாம், சுபாங் ஜெயா, பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில். வீடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் போட்ட முதல் விரைவில் திரும்பும் என்பது வணிகக் கணக்கு. 2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டமோ, 2022 இறுதிக்குள் 75 இலட்சம் வளாகங்களைக் கண்ணாடியிழை எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்தது.

ஜெண்டேலா என்றால் மலாய் மொழியில் சாளரம். அந்தச் சாளரம் தோட்டத்து லயத்து வீடுகளுக்குத் திறப்பதில் என்ன தடை?

தொலைவு பெரிய தடையன்று. செம்புக் கம்பி வழி வந்த பழைய இணையம், தொலைபேசி நிலையத்திலிருந்து நான்கைந்து கிலோமீட்டரிலேயே தளர்ந்துவிடும். கண்ணாடியிழையோ ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வரை ஒளியைக் கொண்டு செல்லும். ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு லயத்துக்கு ஓர் இழையே போதும்!

உண்மையான தடை தோட்ட வாசலில் இருக்கிறது. அதற்கு அப்பால் தனியார் நிலம். கம்பம் நடவும் குழி தோண்டவும் நிறுவனத்தின் இசைவு வேண்டும். குடியிருக்கும் தொழிலாளிக்கு வீடு சொந்தமில்லை. ஆகவே வற்புறுத்திக் கேட்கும் வலிமையும் இல்லை. வீடுகளோ குறைவு. சேவை நிறுவனத்துக்கு ஆர்வம் எங்கிருந்து பிறக்கும்?

"கைப்பேசி போதாதா?" எனச் சிலர் கேட்கலாம். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிய பின், பாடம் வீட்டுக்குப் போனது. பாடம் காலையில், வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியோ வேலைக்குப் போன தந்தையிடம். அது மாலையில்தான் வரும்! அப்படிக் காத்திருந்த மாணவர்களை நான் அறிவேன். பள்ளிக்கு மட்டும் இணையம் தந்தால் போதாது. பிள்ளை படிக்கும் வீட்டுக்கும் அது வேண்டும். இல்லையேல் வசதி தேடிப் பெற்றோர் நகருக்குப் பெயர்வர். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் மாணவர் எண்ணிக்கை மேலும் சுருங்கும்.

இதற்கு வழி நம் சட்டத்திலேயே இருக்கிறது. தோட்டக் குடியிருப்புகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம் (சட்டம் 446) வரையறுத்தது. அப்போது இணையம் நம் வாழ்வில் இல்லை. இன்று அது மூன்றாவது அடிப்படைத் தேவை. அச்சட்டத்தில் இணைய இணைப்பையும் சேர்க்க வேண்டும். குறைந்தது, இழை நுழையக் கட்டணமின்றி வழிவிடுவதையாவது கட்டாயமாக்க வேண்டும்.

இன்னொன்று, கணக்கெடுக்கும் முறை. தமிழ்நாட்டில் பாரத்நெட் திட்டம் 12,525 ஊராட்சிகளையும் இலக்காக வைத்தது. ஊர் வாரியாக எண்ணினால் விடுபட்ட ஊர் கண்ணில் படும். நாம் வளாகங்களை மட்டும் எண்ணுகிறோம். அந்தப் பெருந்தொகையில் ஒரு சிறு தோட்டம் விடுபட்டால் யாருக்குத் தெரியும்? தோட்டங்களையும் பெயர் சொல்லி எண்ணட்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களே, முன்னாள் மாணவர்களே! உங்கள் தோட்டத்தில் எத்தனை வீடுகள், எத்தனை மாணவர்கள், அருகிலுள்ள இழை எவ்வளவு தொலைவு என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். தோட்ட நிர்வாகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் தொடர்பு பல்லூடக ஆணையத்துக்கும் அனுப்புங்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்!