தனித்துத் தெரியச் சொல்கிறார்கள், நாங்கள் ஏற்கெனவே தெரிகிறோம்

போன மாதம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பயிற்சி முகாம். ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கும் பதினோரு பேரை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். கோட்டு போட்ட பயிற்சியாளர் ஒருவர் மேடையில் அங்குமிங்கும் நடந்தபடி பேசினார். ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் வருமாம். எச்ஆர் ஒவ்வொன்றையும் சில நொடிதான் பார்ப்பாராம். அந்தச் சில நொடியில் 'கூட்டத்தில் நீங்கள் மட்டும் தனியாகத் தெரிய வேண்டும்' என்றார். எப்படிக் கைகுலுக்குவது, எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது, பொழுதுபோக்கு என்ற இடத்தில் கிரிக்கெட் என்று எழுதாமல் வேறு என்ன எழுதுவது என்று மதியம் வரை வகுப்பு நடந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான்: "அக்கா, அவர் தனியாத் தெரியணும்ங்கிறார். நீங்க மறைக்கச் சொன்னீங்க. எதைச் செய்யட்டும்?"

அவன் கேட்டது நியாயம்தான். முகாமுக்கு மூன்று வாரம் முன்புதான் அவனுடைய ரெஸ்யூமில் முகவரி வரியை நான் வெட்டியிருந்தேன். அவன் ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'காலனி' என்று இருந்தது. நகரத்தில் காலனி என்றால் பங்களா வீடுகள்கூட இருக்கும். எங்கள் கிராமங்களில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், அது எல்லோருக்கும் தெரியும். ஆதிக்கத்தின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் ஆகிவிட்ட 'காலனி' அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் அறிவிப்புக்குப் பிறகும் தம்பியின் ஆதாரிலும் மாற்றுச் சான்றிதழிலும் அது அப்படியேதான் இருக்கிறது. 'கதவு எண், தாலுகா, பின்கோடு போட்டால் போதும்' என்று நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். சமூகவியலில் முதுகலை முடித்துப் பத்து வருடம் களப்பணி செய்த பிறகு நான் கண்டுபிடித்த வேலைவாய்ப்பு ஆலோசனை அது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏன் வெட்டினேன் என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்கு அவன் இன்டர்வியூ போனான். கையில் ஒரு டிராயிங்கைக் கொடுத்தார்கள். 25 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்று போட்டிருந்தது. அதன் மேல் வரம்பு என்ன என்று கேட்டார்கள். 25.021 என்றான். சரி. வெர்னியரில் எவ்வளவு நுட்பமாக அளக்கலாம் என்றார்கள். 0.02 என்றான். சரி. ரிஜக்‌ஷன் அதிகமானால் முதலில் எதைப் பார்ப்பாய் என்றார்கள். டூல் தேய்மானத்தையும் ஆஃப்செட்டையும் பார்ப்பேன் என்றான். அந்தப் பெரியவர் தலையசைத்துச் சிரித்திருக்கிறார். பிறகு ரெஸ்யூமை மறுபடி எடுத்துப் பார்த்து, "எந்த ஊருப்பா? ஊருக்குள்ளயா, வெளியவா?" என்றார். அப்பா என்ன செய்கிறார் என்றார். சொன்னான். அதற்குப் பிறகு இயந்திரம் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. 'தகவல் சொல்றோம்' என்றார்கள். இன்று வரை சொல்லவில்லை.

அந்த ஒரு கேள்வியால்தான் வேலை போனது என்று என்னால் நிரூபிக்க முடியுமா? முடியாது. இந்த முறையின் வசதியே அதுதான். யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. எழுபத்தைந்து மார்க் எடுத்தவனை விட்டு எழுபது மார்க் எடுத்தவனை எடுத்தோம் என்று பதிவாவதே இல்லை. 'ஆட்டிட்யூட் சரியில்லை', 'நம் கல்ச்சருக்கு ஒத்துவராது' என்று ஒரு வரி போதும்.

தமிழ்நாட்டில்தான் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே, இங்கே எப்படிப் பாகுபாடு வரும் என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. பெயரில் இல்லாததால்தான் 'எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். இன்ஷியல் ஒரு திரை. அதை விலக்க இரண்டு கேள்வி போதும். பெயரில் சாதி தெரிகிற இடங்களில் என்ன நடக்கிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளியிட்ட ஆய்வு அது. ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். மொத்தம் 4,808 விண்ணப்பங்கள். உயர்த்தப்பட்ட சாதிப் பெயருக்கு அடுத்தகட்ட அழைப்பு வரும் சாத்தியத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. கவனியுங்கள், இது இன்டர்வியூவுக்கு முந்தைய கட்டம். கைகுலுக்கல், கண் பார்வை, பொழுதுபோக்கு எதற்கும் அங்கே வேலையே இல்லை. தலித் பெயர் தனித்துத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் டெல்லிப் பகுதியில் 25 எச்ஆர் மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். தகுதி ஒன்றைத்தான் பார்க்கிறோம் என்கிறார்கள் மேலாளர்கள். பிறகு, குடும்பப் பின்னணி கேட்பது மிக முக்கியம் என்றும் அவர்களே சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. நல்ல குடும்பத்திலிருந்து வருபவன் நல்ல ஊழியன் என்பது அவர்களுக்குப் பொதுப்புத்தி. எங்கள் தம்பியிடம் அப்பா தொழிலைக் கேட்ட பெரியவரும் தன்னைச் சாதி பார்க்கிறவர் என்று ஒருபோதும் நினைத்திருக்க மாட்டார்.

மெக்கானிக்கல், உற்பத்தித் துறையில் இது இன்னும் ஆழம். 'இயந்திரத்தின் மேல் உங்களுக்கு எப்போது ஆர்வம் வந்தது என்று ஒரு கதை சொல்லுங்கள், அது உங்களைத் தனித்துக் காட்டும்' என்றார் பயிற்சியாளர். அம்பத்தூரிலோ கோவையிலோ மாமாவுக்கு லேத் பட்டறை இருக்கிற பையனுக்குக் கதை ரெடியாக இருக்கிறது. எட்டாம் வகுப்பு லீவிலேயே அவன் சக்கில் ஜாப் கட்டியிருப்பான். எங்கள் பையன்கள் லேத்தை முதன்முதலில் தொட்டது கல்லூரி லேபில், ஒரு மெஷினுக்கு ஆறு பேராக நின்று. அந்தப் பையனுக்கு இருப்பது மாமா, சித்தப்பா, ஆர்டர் கொடுக்கிற சொந்தக்காரர் என்று ஒரு வலைப்பின்னல். இன்பிளான்ட் டிரெய்னிங்குக்குக் கடிதம் கிடைப்பதும் அதன் வழியாகத்தான். இறுதியாண்டு புராஜெக்டுக்குக் கம்பெனி கிடைப்பதும் அதன் வழியாகத்தான். இவனுடைய அப்பா அதே தொழிற்பேட்டையில் கழிவு அள்ளும் கான்ட்ராக்டில் இருக்கிறார். அவரால் எந்த எச்ஆருக்கு ஃபோன் போட முடியும்? சொத்தாக வந்ததை 'பேஷன்' என்று பெயர் மாற்றி மார்க் போடுகிறார்கள்.

பிறகு அந்த 60-60-60. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் வரலாறே கூடாது, இடையில் ஒரு வருடம்கூட விட்டிருக்கக் கூடாது. சிஎன்சி மெஷின் பக்கத்தில் நிற்கப் போகிறவனுக்குப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் மார்க் எதற்கு? அப்பாவுக்கு விபத்து, அக்கா கல்யாணக் கடன் என்று ஒரு வருடம் செங்கல் சூளைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து படித்தவன் வாசலிலேயே நிற்கிறான். அவனால் படிப்புக்குத் திரும்பி வர முடிந்தது என்பதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கம்பெனிக்கு அது 'கேப்'.

திறமையை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டிராயிங் படிக்கத் தெரிய வேண்டும், மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரிய வேண்டும், நான்கு வரி ஆங்கிலத்தில் தன் புராஜெக்டைச் சொல்லத் தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியில் இதைத்தான் சொல்லித் தருகிறோம். 1942இல் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவிலேயே, ஒடுக்கப்பட்ட மாணவர்களின் அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு அரசு நிதி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். தொழில்நுட்பம் எங்களுக்கு வேண்டும் என்று எங்களுக்கு யாரும் இப்போது பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் சண்டை போடுவது, வடிகட்டுகிற கை தன்னைத் திருத்திக்கொள்ளாமல் வடிகட்டப்படுகிறவனை மட்டும் மேலும் மேலும் பளபளக்கச் சொல்வதோடுதான். நூறு பேருக்குப் பத்து வேலை இருக்கிற இடத்தில் நூறு பேரும் தனித்துத் தெரிந்தாலும் வேலை பத்துதான்.

தொழிலதிபர்களுக்கு இது புதிதல்ல. தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பேச்சு 2004க்குப் பிறகு சூடு பிடித்தபோது, சிஐஐயும் அசோசெமும் சேர்ந்து ஜே.ஜே. இரானி தலைமையில் குழு போட்டு 2006இல் அறிக்கை கொடுத்தன. சட்டம் வேண்டாம், நாங்களாகவே செய்கிறோம் என்பதுதான் அதன் சாரம். பயிற்சி, உதவித்தொகை என்று நிறைய வாக்குறுதி இருந்தது. அதாவது அப்போதும் குறை எங்களிடம்தான்.

சட்டம் வேண்டாம் என்கிறார்களே, ஏற்கெனவே இருக்கிற சட்டத்தையாவது பார்ப்போம். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டம் தனியார் தொழிற்சாலைக்கும் பொருந்தும். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தே ஆக வேண்டும். 1973இல் அதில் 3ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். குறித்துரைக்கப்பட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை முதலாளி ஒதுக்க வேண்டும் என்கிறது அது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர் எல்லாம் அதில் அடக்கம். தனியார் துறையில் இடஒதுக்கீடே கிடையாது என்று நாமும் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஐடிஐ முடித்த எங்கள் பையன்களுக்கு இந்தச் சிறிய கதவு ஐம்பது வருடமாக இருக்கிறது. எங்களில் எத்தனை பேர் அதைத் தட்டினோம்? எனக்கே இரண்டு வருடம் முன்புதான் தெரியும். விதியில் ஓட்டையும் இருக்கிறது: தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்றால் அந்த இடங்களை மற்றவர்களைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம். 'கிடைக்கவில்லை' என்று யார் சொல்கிறார்கள், எப்படித் தேடினார்கள் என்று கேட்க ஆளில்லாத வரை அந்த ஓட்டை கதவைவிடப் பெரியது.

பேருந்தில் தம்பிக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. இறங்கும் முன்பு, முகவரியை வைப்பதா வெட்டுவதா என்பதை நீயே முடிவு செய், வெட்டச் சொன்னது என் பயம் என்றேன். அவன் முழுசாக எழுதி இரண்டு இடத்துக்கு அனுப்பியிருக்கிறான். மூன்றாவது இடத்துக்கு வெட்டி அனுப்பியிருக்கிறான். "ஆராய்ச்சி பண்றேன்க்கா" என்று சிரிக்கிறான்.

நாங்கள் செய்யப் போவது இது. எங்கள் மாவட்டத் தொழிற்பேட்டைகளில் அப்ரண்டிஸ் எடுக்கக் கடமைப்பட்ட நிறுவனங்கள் எத்தனை, கடந்த மூன்று ஆண்டுகளில் அவை எடுத்தவர்கள் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர், ஆள் கிடைக்கவில்லை என்று மற்றவர்களுக்குப் போன இடங்கள் எத்தனை, அப்படிச் சொன்ன நிறுவனங்களிடம் துறை என்ன விளக்கம் கேட்டது. இந்த ஐந்து கேள்விகளை மாநில அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கிறோம். தமிழிலேயே எழுதலாம், 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கோவை, திருவள்ளூர், ஓசூர்ப் பக்கம் இருக்கிற தோழர்கள் உங்கள் மாவட்டப் பெயரைப் போட்டு இதே கேள்விகளை அனுப்புங்கள். வருகிற பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.