நூல் நோக்கு: அழித்தெழுதிய ஏடு



இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட நூல், ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-இல் இலண்டனில் வெளிவந்த '1984' என்னும் நாவல். க. நா. சுப்ரமண்யம் இதனைத் தமிழில் தந்துள்ளார். ஆசிரியர் 1903-இல் பிறந்தது நம் நாட்டுப் பீகாரிலுள்ள மோதிகாரியில். வரவிருக்கும் பொற்காலத்தைப் பாடிய நூல்கள் பலவுண்டு; இதுவோ வரக்கூடிய கொடுங்காலத்தைக் காட்டி எச்சரிப்பது.

கதைத் தலைவன் வின்ஸ்டன் வீரனல்லன். 'உண்மை அமைச்சகம்' என்னும் அலுவலகத்தில் ஓர் எழுத்தன். பழைய செய்தித்தாள்களைத் திருத்துவதே அவன் பணி. ஆட்சியாளர் முன்பு கூறியது பின்பு பொய்த்துவிடின், முன்பு கூறியதையே மாற்றி அச்சிடுவர். பழைய தாள் சுவரிலுள்ள ஒரு துளை வழியே உலைக்குள் போய்ச் சாம்பலாகும். அதற்கு 'நினைவுத் துளை' என்று பெயர்.

ஏடெழுதிப் பிழைக்கும் நமக்கு இவ்விடம் நெஞ்சைச் சுடுகிறது. கணக்கேட்டில் பிழை நேர்ந்தால் அதனைச் சுரண்டி அழித்தலாகாது. ஒரு கோடிட்டு அடித்து, மேலே சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் இடல் வேண்டும். பிழையும் தெரிய வேண்டும். திருத்தியவர் யாரென்பதும் தெரிய வேண்டும். இவ்வெளிய நேர்மையை இழந்த நாட்டின் கதையே இந்நாவல் எனலாம்.

மற்றொரு கருத்து, மொழியைக் குறுக்குதல். அந்நாட்டு அகராதி பதிப்புக்குப் பதிப்பு மெலிகிறது. சொல் மறைந்தால் எண்ணமும் மறையும் என்பது ஆட்சியாளர் கணக்கு. இதற்கு எதிராக வின்ஸ்டன் கைக்கொள்பவை மிகச் சிறியவை: ஒளித்தெழுதும் நாட்குறிப்பு, பவளம் பதித்த கண்ணாடிக் கட்டி, பலரிடம் கேட்டு அடியடியாகச் சேர்க்கும் பழைய சிறுவர் பாட்டு. அவன் பிடிபடும்போது கண்ணாடி உடைகிறது. இறுதியில் அவன் உள்ளமும் உடைகிறது.

இக்கதை நமக்கு எதற்கு என்பீர்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால், பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை பிழைப்பு நாடி வந்து வாழ்கின்றோம். இங்கே நம் சொல்லை அழிக்க எவ்வமைச்சகமும் இல்லை. மலையாளம் நமக்குச் சோறிடும் மொழி. நம் மக்கள் அதனைச் செவ்வனே கற்கட்டும். ஆயினும் பாட்டி குருத்தோலை, சாரோலை, காவோலை எனப் பிரித்துச் சொன்னவற்றையெல்லாம் பேரன் 'ஓல' என்னும் ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றான். ஊரிலிருந்து வந்த தாத்தாவின் கடிதங்கள் தகரப்பெட்டியில் உள்ளன. படிக்கத்தான் வீட்டில் இளையோர் இல்லை. தீயின்றியே அப்பெட்டி நினைவுத் துளையாகிவிடவில்லையா?

வின்ஸ்டனுக்கு நாட்குறிப்பு எழுதுவது உயிருக்கு ஆபத்து. நமக்கோ ஒரு தடையும் இல்லை. சோம்பல் ஒன்றே தடை. ஞாயிறுதோறும் ஒரு கடிதத்தைப் பிள்ளையோடு அமர்ந்து எழுத்துக்கூட்டிப் படியுங்கள். பாட்டியின் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, அருகே தேதியிடுங்கள். பிள்ளை பிழையாக எழுதினால் அழிக்க வேண்டா; கோடிட்டு, மேலே சரியானதை எழுதச் சொல்லுங்கள். அவன் கற்ற வழியும் அவ்வேட்டில் நிற்கட்டும்.