பால் கொடுக்கும் அம்மாவுக்குப் பூச்சி மாத்திரை கூடாதா?

1/ பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10: தேசிய குடற்புழு நீக்க நாள். 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தவிர.

2/ "பால் குடுக்குறேன், சாப்பிட்டா பிள்ளைக்கு ஆகாதாமே டாக்டர்?" பெரம்பலூர், அரியலூர் அம்மாக்கள் இதைக் கேட்பது அந்த 'தவிர'வால்தான். முகாமில் கொடுக்காமல் விடுவது வேறு. மருந்தே ஆகாது என்பது வேறு.

3/ அல்பெண்டசோல் குடலிலிருந்து ரத்தத்தில் சேருவதே குறைவு. தாய்ப்பாலுக்கு வருவது அதைவிடக் குறைவு. ஒரு டோஸுக்காகப் பாலை நிறுத்தாதீங்க.

4/ மூத்த பிள்ளை ராத்திரியில் ஆசனவாயைச் சொறியுதா? நூல்புழுவாக இருக்கலாம். பெண்புழு ராத்திரி வெளியே வந்து முட்டையிடும். நகம், பாய், போர்வை வழியே முட்டை எல்லார் வாய்க்கும் போகும். 2 வாரம் வரை தாங்கும்.

5/ அதனால் டாக்டரைக் கேட்டு வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் சாப்பிடணும். 2 வாரம் கழித்து இன்னொரு டோஸ். கழுவிவிட்டு, சோறு ஊட்டுற அம்மாவை மட்டும் விட்டால் புழு திரும்ப வரும்.

6/ தாய்ப்பால் வழியே நூல்புழு வராது, கை வழியே வரும். சோப்பு, நகவெட்டி, காலைக் குளியல் முக்கியம். 1 வயதுக்குள் குழந்தைக்கு நீங்களாக மாத்திரை கொடுக்காதீங்க. மறுபடி கர்ப்பமோன்னு சந்தேகம் இருந்தா முதலிலேயே சொல்லிடுங்க.

7/ என் கருத்து: முகாம் அறிவிப்பில் ஒரு வரி கூடுதலா வேணும். "வீட்டில் பூச்சித் தொல்லை இருந்தால் பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுக்கலாம்." அம்மா விடுபட்டால் வீடே விடுபட்ட மாதிரிதான்.